மே மாத டெல்லியில், ஏசியை அணைத்துவிட்டு, சத்தமில்லாத பிசி: முடியுமா?

மயூர்விஹார்_குரல்
எல்லோருக்கும் வணக்கம். மயூர் விஹார் ஃபேஸ் 1-இல் மேல் தள ஃபிளாட். தமிழ்க் கதைகளை ஒலிப்புத்தகமாகப் பதிவு செய்கிறேன், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட வீடியோ எடிட் செய்கிறேன். இரண்டும் ஒரே அறை, ஒரே பிசி.

மைக் ஆன் செய்தால் ஏசி, சீலிங் ஃபேன் இரண்டையும் அணைத்தாக வேண்டும். மே, ஜூன் மதியத்தில் கொஞ்ச நேரத்திலேயே அறை 36, 37 டிகிரிக்கு ஏறிவிடும். சரியாக அப்போதுதான் பிசி ஊளையிட ஆரம்பிக்கும். பின்னணி இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று ஒலிப்புத்தகம் வெளியிடுபவர்கள் கேட்கிறார்கள் (மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக அமைதி கூடும்). எனக்கு மைனஸ் 50-ஐ ஒட்டியே நிற்கிறது.

இப்போது இருப்பது பழைய டவர், பிராசசரோடு டப்பாவில் வந்த கூலர், இரண்டு ஹார்ட் டிஸ்க். புதிதாகக் கட்டலாம் என்று நினைக்கிறேன். மானிட்டர் இருக்கிறது, பெட்டிக்கு மட்டும் 80,000 ரூபாய் வரை போகலாம். 4கே வீடியோ உண்டு, கேம் கிடையாது. கடைகளில் எல்லோரும் வாட்டர் கூலிங் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

துவாரகா_தூசி
யோசிக்கவே வேண்டாம் மேடம். 360 எம்எம் லிக்விட் கூலர், ரேடியேட்டரை முன்னால் மாட்டி 3 ஃபேன், மேலே 3, பின்னால் 1. என்னுடையது அப்படித்தான். மணிக்கணக்கில் கேம் ஆடினாலும் பிராசசர் 65 டிகிரியைத் தாண்டாது.

பழைய_சால்டரிங்
தூசி தம்பி, அவங்க கேட்டது சத்தம். நீங்கள் சொன்னது டிகிரி. இரண்டும் ஒன்றில்லை.

லிக்விட் கூலரில் பம்ப் என்று ஒன்று இருக்கிறது. பிசி ஆன் ஆன நொடியிலிருந்து அது ஓடும், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும். நன்றாகச் செய்த பம்ப் மெல்லத்தான் முனகும், ஆனால் முனகும். ஆளுக்கு அது கேட்காது, நல்ல கண்டென்சர் மைக்குக்குக் கேட்கும். குழாய் வழியாகத் தண்ணீர் வருடக்கணக்கில் மெதுவாகக் கசிந்து ஆவியாகும். குறைந்தபின் உள்ளே காற்றுக் குமிழி கொப்பளிக்கும் சத்தமும் சேர்ந்துகொள்ளும். கடைசியில் அந்த வெப்பத்தையும் வெளியே தள்ளுவது ஃபேன்தான். 250 வாட் தின்னும் சிப்புக்கு, அதாவது பிராசசருக்கு, அதெல்லாம் தேவை. இவங்களுக்கு எதற்கு 250 வாட் சிப்?

சத்தத்தைக் குறைக்கும் முதல் வேலை, வெப்பத்தை உண்டாக்காமல் இருப்பது. கூலர் எல்லாம் அதற்கு அப்புறம்தான். சிப் தின்னும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தோடும், ஓடும் வேகத்தோடும் ஏறும். மேலே போகப் போக கொஞ்சம் வேகத்துக்காக வோல்டேஜை நிறைய ஏற்ற வேண்டியிருக்கும். அதனால்தான் உச்சி வேகத்தின் கடைசித் துண்டை மட்டும் விட்டுக்கொடுத்தால் வாட் மளமளவென்று இறங்குகிறது. ஏஎம்டி கம்பெனி சிப்பில் இதை ஈகோ மோட் என்பார்கள். 170 வாட் என்று விற்கும் ரைசன் 9 7950எக்ஸ் உண்மையில் 230 வாட் வரை இழுக்கும். 65 வாட் ஈகோவில் போட்டால் 88-இல் நிற்கும். வாட் பாதிக்கும் கீழே போய்விடும், வேகம் அந்த அளவுக்குப் போகாது.

இன்னொன்று. சாதாரணக் கூலர் எதுவும் சிப்பை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகாது. 65 வாட்டில் ஓடும் சிப்பை ஒரு நல்ல டவர் கூலர் (கோபுரமாக நிற்கும் உலோகத் தகடுகளும் ஃபேனும்), ஃபேன் மெதுவாகச் சுற்றினாலும், அறையைவிட 30 டிகிரி மேலே நிறுத்திவிடும். அறை 38 என்றால் 68. இன்டெல் சிப்கள் பலவற்றின் எல்லை 100. பயப்பட என்ன இருக்கிறது? டெல்லிக்காரர்கள் வெளிநாட்டு வீடியோவில் 22 டிகிரி அறையில் எடுத்த அளவைப் பார்த்துவிட்டுத் தங்கள் பிசி கெட்டுப்போனதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

துவாரகா_தூசி
சரி சார், ஆனால் 7 ஃபேன் இருந்தால் ஒவ்வொன்றும் மெதுவாகச் சுற்றினால் போதுமே? என் கணக்கு அதுதான்.

பழைய_சால்டரிங்
பாதி சரி. ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். ஒரே சத்தமுள்ள இரண்டு ஃபேன் சேர்ந்தால் 3 டெசிபல்தான் ஏறும். அதனால் ஒரு ஃபேன் வேகமாகச் சுற்றுவதைவிட இரண்டு மெதுவாகச் சுற்றுவது நல்லதுதான். ஆனால் மூன்றுக்கு மேல் போடும் ஒவ்வொன்றும் குறைக்கும் டிகிரி சொற்பம்; பேரிங், அதிர்வு, கட்டமைப்பில் கிரீச் என்று கேட்க ஓர் இடம், இதெல்லாம் முழுசாக வந்து சேரும். முன்னால் இரண்டு 140 எம்எம், பின்னால் ஒன்று. இவங்களுக்கு அது போதும்.

ஜனக்புரி_எடிட்டர்
வீடியோ எடிட்டிங்தான் என் தொழில், அதனால் ஒரு யோசனை. கிராஃபிக்ஸ் கார்டே வேண்டாம்.

4கே என்றதும் கடைக்காரர் கார்டைத் தலையில் கட்டுவார். கேமரா என்ன ஃபைல் தருகிறது என்று முதலில் பாருங்கள். 10 பிட் 4:2:2 எச்இவிசி (நிறத் தகவல் அதிகமுள்ள, நன்றாகச் சுருக்கிய வீடியோ வகை) என்றால், இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து சிப்புக்குள்ளேயே இருக்கும் குயிக் சிங்க் என்ற வீடியோ எஞ்சின் அதைத் தானே அவிழ்த்துவிடும். விலை உயர்ந்த கார்டுகள் பலவும் ரொம்ப நாள் இதில் தடுமாறின. பாட வீடியோவுக்குக் கலர் கொஞ்சம், டைட்டில் கொஞ்சம், அவ்வளவுதான். இன்டெல் ஐ5 14500 பிராசசர் எடுங்கள். அதற்குள்ளேயே யுஎச்டி 770 என்ற கிராஃபிக்ஸ் இருக்கிறது. மலிவான ஐ5-களில் வரும் யுஎச்டி 730-இல் வீடியோ எஞ்சின் ஒன்று, 770-இல் இரண்டு. கார்டு இல்லாவிட்டால் அது தின்னும் 115 வாட்டோ 170 வாட்டோ பெட்டிக்குள் இல்லை, அதற்கான ஃபேனும் இல்லை. பணமும் மிச்சம், அதை ரேமில் போடுங்கள், 32 ஜிபி.

பின்னால் கார்டு தேவைப்பட்டால் செருகிக்கொள்ளலாம், இடம் காலியாகத்தான் இருக்கும். இப்போது வரும் கார்டுகள் பெரும்பாலும் வேலை இல்லாதபோது ஃபேனை நிறுத்திவிடுகின்றன, அதனால் பதிவுக்கும் இடைஞ்சல் இராது.

மயூர்விஹார்_குரல்
நன்றி சார். கேமரா அதைவிட எளிய 8 பிட் 4:2:0 தான் தருகிறது, இப்போதுதான் பார்த்தேன். ஒரு சந்தேகம். பதிவின்போது நான் ஒரு ரெக்கார்டிங் மென்பொருளைத் தவிர எதையும் திறப்பதில்லை. அப்படியும் ஏன் ஃபேன் ஏறி ஏறி இறங்குகிறது?

பழைய_சால்டரிங்
நல்ல கேள்வி அம்மா. புதுசு வாங்கும் முன் இதை இருக்கிற பெட்டியிலேயே தீர்த்துப் பாருங்கள்.

பதிவின்போது சிப்புக்கு வேலையே இல்லை. ஆனால் பின்னணியில் விண்டோஸ் ஏதாவது ஒன்றை ஒரு நொடி தட்டி எழுப்பும். சிப் அந்த நொடியில் உச்சி வேகத்துக்குத் தாவும், வெப்பம் 15 டிகிரி குதிக்கும், அடுத்த நொடி இறங்கும். உலோகக் கூலர் முழுக்கச் சூடேற நிமிஷக்கணக்கு ஆகும், அந்தக் குதிப்புக்கு ஃபேன் பதில் சொல்லத் தேவையே இல்லை. பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) எத்தனை டிகிரிக்கு எவ்வளவு ஃபேன் வேகம் என்று கம்பெனி வைத்திருக்கும் அட்டவணையோ ஒவ்வொரு குதிப்புக்கும் ஃபேனை விரட்டுகிறது. அறை 24-இல் இருக்கும்போது குதிப்பு அட்டவணையில் வேகம் மாறாத பகுதியிலேயே அடங்கிவிடும். 37-இல் அதே குதிப்பு வேகம் ஏறும் பகுதிக்குள் போய்விழும். உங்கள் ஊளை அங்கேதான் பிறக்கிறது.

காதும் அப்படித்தான். ஒரே சீராக வரும் சத்தத்தை அது மறந்துவிடும், ஏறி இறங்கும் சத்தத்தை விடாது. எடிட்டிங்கிலும் சீரான இரைச்சலை மென்பொருள் கழித்துவிடும், ஏறி இறங்குவதைக் கழிக்கப் போனால் குரலையும் சேர்த்துக் கடிக்கும்.

பயாஸில் ஃபேன் பக்கத்துக்குப் போய், 70 டிகிரி வரை ஒரே வேகம், அதற்கு மேல்தான் ஏற்றம் என்று வையுங்கள். ஸ்டெப் அப் டைம் (ஃபேன் வேகம் ஏற எடுக்கும் நேரம்) என்று இருந்தால் அதை அதிகமாக்குங்கள். சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், மாற்றுங்கள். கூலர் இடுக்கில் தூசி கம்பளமாகப் படிந்திருக்கும். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போகும்.

கரோல்பாக்_கணக்கு
நடுவில் ஒரு கேள்வி. ஃபேனே இல்லாமல் கட்டினால் என்ன? நாக்டுவா கம்பெனி 2021-இல் என்எச்-பி1 என்று ஃபேன் இல்லாத கூலர் விட்டார்களே. இல்லாவிட்டால் 2020-க்குப் பின் வந்த மேக்புக் ஏர் ஒன்றை வாங்கிவிட்டுப் போகலாம், அதில் ஃபேனே கிடையாது.

ஜனக்புரி_எடிட்டர்
மேக்புக் ஏர் பதிவுக்கு அருமையான பெட்டி, மறுக்கவில்லை. ஆனால் நீண்ட எக்ஸ்போர்ட் (முடித்த வீடியோவை ஃபைலாக எடுப்பது) போட்டால் சூடாகித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ரேமும் பிறகு ஏற்ற முடியாது. 80,000-க்குள் 32 ஜிபி புதிதாகக் கிடைக்கவும் கிடைக்காது.

பழைய_சால்டரிங்
என்எச்-பி1 நல்ல பொறியியல். ஆனால் சூடான காற்று தானாக மேலே எழுவதை நம்பித்தான் அது வேலை செய்கிறது. பெட்டிக்குள் காற்றே ஓடாவிட்டால் சிப் பிழைத்துக்கொள்ளும், அதன் அக்கம் பக்கத்தில் இருக்கும் மதர்போர்டு கப்பாசிட்டரும் எஸ்எஸ்டியும் வேகும். எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டருக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி. டெல்லி மேல் தளத்தில் முழுக்க ஃபேன் இல்லாத பெட்டி எனக்கு உடன்பாடில்லை. 140 எம்எம் ஃபேன் 500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 500 சுற்று) சுற்றினால் ஒரு முழம் தள்ளிக் கேட்காது. அந்த ஒன்றைச் சேமித்து என்ன கிடைக்கும்?

மயூர்விஹார்_குரல்
சால்டரிங் சார் சொன்னபடி செய்தேன். தூசி கம்பளம் இருந்தது உண்மைதான். பேஸ்ட் மாற்றி, ஃபேனை 70 டிகிரி வரை ஒரே வேகத்தில் வைத்தாயிற்று. ஊளை நின்றுவிட்டது. இரைச்சல் மைனஸ் 55 பக்கம் வந்திருக்கிறது.

ஆனால் இப்போது வேறு இரண்டு கேட்கிறது. ஒன்று ஹார்ட் டிஸ்க் உறுமல், மேஜையில் கை வைத்தால் அதிர்வே தெரிகிறது. இன்னொன்று எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் ஒரு "ம்ம்ம்". பிசியை அணைத்தாலும் போகவில்லை!

முனீர்க்கா_மைக்
பிசியை அணைத்தும் போகாவிட்டால் யுபிஎஸ் பாருங்கள் மேடம். உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் 100 ஹெர்ட்ஸில் முனகும், வோல்டேஜ் ஏறி இறங்கினால் ரிலே டக் டக் என்று அடிக்கும். நம் ஊர் மே மாத வோல்டேஜைச் சொல்லவே வேண்டாம். யுபிஎஸ்ஸைக் கதவுக்கு வெளியே வைத்து ஒயரை மட்டும் உள்ளே விடுங்கள்.

நான் ஒலிப்பதிவு ஆள், பிசி கட்டத் தெரியாது. மைக் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். எல்லோரும் பிசியை மேஜை மேல், மைக்குக்கு ஒரு முழத்தில் வைத்துவிட்டு டெசிபல் டெசிபலாகக் குறைக்கப் பாடுபடுகிறார்கள். தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் இலவசம். அறைச் சுவர் திருப்பி அடிப்பதால் முழுசாகக் கிடைக்காது, இருந்தாலும் எந்த ஃபேனும் இந்த விலைக்குத் தராது. முன்பக்கச் சத்தத்தையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்பக்கம்தான் செவிடு. முதுகு பிசியைப் பார்க்கும்படி மைக்கைத் திருப்புங்கள். பிசி மேஜைக்கு அடியில் வேண்டாம், மூன்று பக்கம் பலகை இருந்தால் அது ஒலிபெருக்கிதான், சூடும் உள்ளேயே சுற்றும். அறையின் எதிர் மூலை சரி. யுஎஸ்பி 2 ஒயர் 5 மீட்டர் வரை தாங்கும்.

அப்புறம், ஏசியை 22-இல் வைத்து அறையை நன்றாகக் குளிரவைத்துவிட்டு அணையுங்கள். சுவரும் சேர்ந்து குளிர்ந்திருந்தால் கூடுதல் நேரம் தாங்கும். உட்கார்ந்து படிக்கும் ஆள் ஒருவர் கிட்டத்தட்ட 100 வாட் வெப்பம் விடுகிறார். சும்மா இருக்கும் பிசி அதில் பாதிகூட இல்லை. அறையைச் சூடாக்குவது உங்கள் மொட்டை மாடிதான். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் அந்தச் சூடு குறையும்.

துவாரகா_தூசி
அப்படியென்றால் உள்ளே ஃபோம் ஒட்டிய சைலன்ட் கேபினட் வாங்கலாமே? கதவு மூடினால் சத்தம் வராது.

பழைய_சால்டரிங்
அந்தப் பெட்டிகள் சுவீடன், ஜெர்மனிக் கம்பெனிகள் அவர்கள் ஊர்க் குளிருக்குச் செய்தவை. ஃபோம் கீச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் விழுங்கும், அடி உறுமலை விழுங்காது. முன்னால் கதவு போட்டால் காற்று இடுக்கு வழியாகத்தான் வர வேண்டும், ஃபேன் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். மே மாதத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு ஃபேனை 5-இல் வைப்பது மாதிரி. நம் ஊருக்கு முன்பக்கம் முழுக்க வலை போட்ட பெட்டி, மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேன், அதுதான் தோது. கிராஃபிக்ஸ் கார்டும் இல்லை என்றால் மறைக்க உள்ளே சத்தமே இருக்காது.

தூசிக்கு ஒரு வார்த்தை. உள்ளே தள்ளும் காற்று வெளியே போவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். அப்போது இடுக்குகள் வழியாக உள்காற்று வெளியேதான் போகும், தூசி ஃபில்டர் வழியாக மட்டும் நுழையும். லூ எனும் கோடை அனல்காற்று அடிக்கும் மாதங்களில் ஃபில்டரை மாதம் ஒருமுறை கழுவிக் காயவைத்துப் போடுங்கள். அடைத்துப்போன ஃபில்டர்தான் டெல்லியில் பாதி பிசியின் சத்தத்துக்குக் காரணம். நவம்பர் புகைக்கு இந்த வலை ஒன்றும் செய்யாது, அதன் துகள் இதைவிட மிகப் பொடி. டெசர்ட் கூலர் ஓடும் அறையில் பெட்டி அதன் நேர் எதிரே இருக்கக் கூடாது. ஈரக்காற்று பரவாயில்லை, தெறிக்கும் துளியும் அதிலுள்ள உப்பும்தான் கெடுதல்.

கரோல்பாக்_கணக்கு
எனக்கு மதர்போர்டு சென்சார் ஒன்று 97 டிகிரி என்று காட்டுகிறது, தொட்டால் எல்லாம் ஜில்லென்று இருக்கிறது. எதை நம்புவது?

பழைய_சால்டரிங்
2024 மே 29-ஆம் தேதி டெல்லி முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று ஊரே அலறியது நினைவிருக்கிறதா? பிறகு வானிலைத் துறையே அந்த சென்சார் 3 டிகிரி கூட்டிக் காட்டியது என்று சொன்னது. அரசாங்க சென்சாருக்கே அந்தக் கதி. மதர்போர்டில் ஒயர் எதுவும் இணைக்காத சென்சார் முனைகளுக்கும் மென்பொருள் ஏதோ ஓர் எண்ணைக் காட்டும். சுமை ஏறி இறங்கும்போது அசையாமல் நிற்கும் எண் என்றால் அதை விட்டுவிடுங்கள். சிப்புக்குள் இருக்கும் சென்சாரை மட்டும் பாருங்கள்.

நேருபிளேஸ்_நடைபாதை
வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன். நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் சந்தையில் பாகங்களை வாங்கி அங்கேயே கட்டித் தருவார்கள், வேகமாகவும் கட்டுவார்கள், அதுதான் பிரச்சினை. எனக்கு ஒரு கடையில் கூலரின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டித் தந்தார்கள். மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள், "பையா, ஆராம் ஸே" (அண்ணா, நிதானமாக) என்று ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

கூலருக்கு தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் 120 எஸ்இ. இரட்டைக் கோபுரம், விலைக்கு மிஞ்சிய வேலை. உயரம் 155 எம்எம், கேபினட் அதை ஏற்குமா என்று பாருங்கள். உங்கள் 65 வாட் சிப்புக்கு அது அதிகம்தான், அதிகமாக இருப்பதால்தான் ஃபேன் தூங்கும். கேபினட் ஃபேனுக்கு ஆர்க்டிக் பி14, 4 பின் உள்ள பிடபிள்யூஎம் வகை, அதன் வேகத்தை மதர்போர்டு கட்டுப்படுத்தும். கேபினட்டோடு வரும் விளக்கு ஃபேன்களில் பலவற்றுக்கு வேகக் கட்டுப்பாடே கிடையாது, கழற்றிப் போட்டுவிடுங்கள்.

பவர் சப்ளையில் கஞ்சத்தனம் வேண்டாம். 550 வாட் கோல்டு (மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் தரம்), குறைந்த சுமையில் ஃபேன் நிற்கும் வகை. உங்கள் பெட்டி முழுக்க ஓடினாலும் 150 வாட்டைத் தொடுவது அபூர்வம், அதன் ஃபேன் சுற்றவே வாய்ப்பில்லை. லேபிளில் எத்தனை டிகிரி வரை முழு வாட் தரும் என்று போட்டிருக்கும், 40 இருந்தால் 50 உள்ளதைக் கேளுங்கள். யுபிஎஸ் சைன் வேவ் (வீட்டு மின்சாரம் போலச் சீராக வளையும் அலை) வகையா என்றும் பாருங்கள். இப்போதைய சப்ளைகள் சில, மலிவு யுபிஎஸ்ஸின் சதுர அலையில் கரண்ட் போகும்போது அப்படியே அணைந்துவிடும்.

மயூர்விஹார்_குரல்
எல்லாம் குறித்துக்கொண்டேன். யுபிஎஸ் ஹாலுக்குப் போய்விட்டது, அந்த "ம்ம்ம்" அதுவேதான். முனீர்க்கா சார், மைக்கைத் திருப்பியதில் கிடைத்தது நான் எதிர்பார்த்ததைவிட அதிகம்.

வாங்கியாயிற்று: ஐ5 14500, 32 ஜிபி, 1 டிபி எஸ்எஸ்டி, தெர்மல்ரைட் கூலர், ஆர்க்டிக் மூன்று, வலைக் கேபினட், 550 வாட் கோல்டு. கார்டு இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க் இரண்டும் வெளிப்பெட்டிக்குள் போய்விட்டன, சேமிக்கும்போது மட்டும் செருகுகிறேன். பட்ஜெட்டுக்குள் முடிந்தது, மிச்சத்தில் மாடிக்குச் சுண்ணாம்பு.

ஜனக்புரி_எடிட்டர்
பயாஸில் ஒன்று மறக்காதீர்கள். 14500-க்கு 65 வாட் என்று போட்டிருந்தாலும் 154 வரை இழுக்க அனுமதி உண்டு, சில மதர்போர்டுகள் எல்லையே இல்லாமல் திறந்துவிட்டிருக்கும். பிஎல்1 (தொடர்ந்து இழுக்கும் எல்லை) 65, பிஎல்2 (கொஞ்ச நேரம் இழுக்கும் எல்லை) 90 என்று நீங்களே போடுங்கள். எக்ஸ்போர்ட் கொஞ்சம் தாமதமாகும், டீ போடும் நேரம்தான். அளவுக்கு மீறிய வோல்டேஜால் சிப் கெட்டுப்போன 2024 இன்டெல் தகராறு பெரிய சிப்களைத்தான் அதிகம் பிடித்தது, இருந்தாலும் பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள்.

மயூர்விஹார்_குரல்
போட்டுவிட்டேன் சார். நேற்று மதியம் அறை 36-இல் பதிவு: சிப் 49 டிகிரி, ஃபேன் எல்லாம் 550 ஆர்பிஎம், இரைச்சல் மைனஸ் 63. எக்ஸ்போர்ட்டில் சிப் 71 போனது, ஃபேன் வேகம் ஏறியதே தெரியவில்லை. இப்போது மைக்கில் கேட்பது பக்கத்து வீட்டு ஏசியின் வெளி யூனிட். அதற்கு யாரிடம் பயாஸ் கேட்பது?

முனீர்க்கா_மைக்
80 ஹெர்ட்ஸில் ஹை பாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழான அடி ஒலியை வெட்டுவது) போடுங்கள், பாதி போய்விடும். மீதிக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தீபாவளி ஸ்வீட்.

துவாரகா_தூசி
நானும் மேல் ஃபேன் மூன்றைக் கழற்றிப் பார்த்தேன். வெப்பம் 2 டிகிரிதான் கூடியது. வேண்டுவோர் துவாரகா செக்டர் 10 மெட்ரோவில் வந்து வாங்கிக்கொள்ளலாம், விளக்கு எரியும்.